கோடியக்கரையின் குள்ளக் காட்டுக்குள்

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே நிலம் கடலை நோக்கி மூக்குப் போல நீண்டிருக்கும் கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் நிற்கிறேன். இங்கே எடுக்கப்படும் காணொளிகளில் பெரும்பாலும் பூநாரைகள்தான் இருக்கும். இது ஜூன் மாதம் என்பதால் வலசைப் பறவைக் கூட்டத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே இன்று மரம் செடிகளை மட்டும் பார்க்கப் போகிறோம். உண்மையைச் சொன்னால், பறவைகள் இருந்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்.

என் பின்னால் தெரியும் காட்டைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வெட்டி அழித்த பின் மிஞ்சிய புதரைப் போலத்தான் தோன்றும்; முதல் முறை வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், சோழமண்டலக் கடற்கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காடு இயல்பிலேயே குள்ளமானது. ஆண்டு மழையில் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவக்காற்று மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிட, எஞ்சிய காலத்தை மணலடியில் தங்கிய ஈரத்தைக் கொண்டே கடத்த வேண்டியிருப்பதால், இந்த மரங்கள் அதிக உயரம் போகாமல், தோல் போலத் தடித்த இலைகளை எந்த மாதமும் உதிர்த்துவிடாமல் வைத்துக்கொள்கின்றன.

இதோ, இதுதான் பாலை மரம். ஐந்திணைப் பாலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளையைக் கீறினால் பால் வடியும், பெயருக்கு அதுவே காரணம். மரம் இரும்பைப் போல உறுதியானது, உலக்கை செய்ய உதவியது, அதனால் உலக்கைப்பாலை என்றும் சொல்வார்கள். மஞ்சள் நிறத்தில் வேப்பம்பழத்தை நினைவூட்டும் இதன் பழத்தைக் காலையில் வேதாரண்யத்தில் ஒரு பாட்டியிடம் வாங்கினேன். சரணாலயத்துக்குள் எதையும் பறிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல இனிப்பு, ஆனால் நான்கைந்து பழம் தின்றதும் பால் பிசின் உதட்டில் ஒட்டிக்கொள்வதால், இப்போது சற்றுத் தடுமாறித்தான் பேசுகிறேன்.

பக்கத்தில் களாவும் சங்கஞ்செடியும் முள்ளோடு முள்ளாகப் பின்னிக் கிடக்கின்றன. அதற்கு அப்பால் நிற்பது காசா. திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்லப்படும் காயாம்பூ இதில்தான் பூக்கும். இன்று ஒரு பூகூட இல்லை.

காட்டை விட்டு வெளியே வந்தால் உவர் கலந்த புல்வெளி. 1967-இல் இந்தச் சரணாலயம் அமைக்கப்பட்டதற்கு முக்கியக் காரணமான வெளிமான்கள், பெயருக்கு ஏற்பத் திறந்த வெளியில் வாழ்பவை. எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓடுவதுதான் அவற்றின் தற்காப்பு. அந்த வெளியைத்தான் சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டு வருகிறது. இதில் எனக்கு மிகவும் சங்கடமான செய்தி, அதன் இனிப்பான நெற்றை வெளிமான்களே விரும்பித் தின்கின்றன என்பதுதான். செரிக்காத விதைகள் புழுக்கையோடு புல்வெளியில் விழுந்து முளைக்கின்றன. தன் மேய்ச்சல் நிலத்தை மூடும் மரத்தை மானே விதைக்கிறது. மட்டக்குதிரைகளும் மாடுகளும் இதே வேலையைச் செய்கின்றன. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்துவிடும் என்பதால், வேரோடு பிடுங்கி, பிறகு முளைக்கும் கன்றுகளையும் ஆண்டுதோறும் அகற்றினால் மட்டுமே பயன் உண்டு. ஒரு முறை இயந்திரத்தை விட்டுச் சுத்தம் செய்து படம் எடுத்துக்கொள்வது போதாது என்பது என் கருத்து.

இப்போது கடற்கரைக்கு வந்துவிட்டேன். ஊதா நிறப் பூவோடு மணலைப் பற்றிப் படர்ந்திருப்பது அடப்பங்கொடி. அதற்கு மேலே ஊசி ஊசியாக நிற்பது இராவணன் மீசை. காய்ந்த அதன் கதிர்ப் பந்துகள் காற்றில் உருண்டோடி, தங்கிய இடத்தில் விதையை விடும். ஒன்று உருண்டு போகிறது, பாருங்கள். அதன் பின்னாலேயே ஓடிப் படம் பிடிக்கலாம் என்று பார்த்தால் மணல் முகத்தில் அறைகிறது, கேமராவை மூடிவிடுகிறேன்.