டெல்லிக்கு ட்ரெயின் டிக்கெட்: காசு எங்க மிச்சம் ஆகுது, எங்க போகுது

(ஸ்கிரீன்ல: சென்ட்ரல் ஸ்டேஷன், ராத்திரி, பிளாட்ஃபார்ம்ல கிளம்ப நிக்கிற தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்)

போன மாசம் சித்தப்பா போன் பண்ணாரு. "ஏம்ப்பா, நாங்க நாலு பேரு டெல்லி போகணும், ஃப்ளைட்டுக்கெல்லாம் ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தா ரேட் கம்மியா வருதுல்ல, ட்ரெயினுக்கும் அப்படி வருமா"ன்னு கேட்டாரு. வராது சித்தப்பான்னு சொன்னேன். "அப்ப எதுக்குடா எல்லாரும் அடிச்சுப்பிடிச்சு முன்னாடியே எடுக்குறாங்க"ன்னாரு பாருங்க, நியாயமான கேள்வி, அதுக்குத்தான் இந்த வீடியோ.

நம்ம ரயில்வேல சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் எதுவா இருந்தாலும், அந்த வண்டிக்கு எப்ப எடுத்தாலும் ரேட் ஒண்ணுதான், அறுபது நாள் முன்னாடி எடுத்தாலும் அதே காசு, கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி எடுத்தாலும் அதே காசு. ஆனா அந்த நாலு நாள் முன்னாடி சீட் இருக்காது. இல்லைன்னா என்ன பண்ணுவோம், தட்கல் போவோம். முன்னாடி எடுத்தா ரேட் குறையாது, ஆனா லேட் ஆனா ஏறும், விஷயம் அவ்வளவுதான்.

எவ்வளவு ஏறும்? ஸ்லீப்பர்ல தட்கல் சார்ஜ்னு அடிப்படைக் கட்டணத்துல 30 சதவீதம், குறைஞ்சது 100 ரூபா, அதிகபட்சம் 200. தேர்ட் ஏசின்னா 300-லேர்ந்து 400 வரைக்கும், செகண்ட் ஏசி 400-லேர்ந்து 500. டெல்லி மாதிரி தூரத்துக்கு எப்பவுமே அந்த மேக்ஸிமம் தான் விழும். இப்ப சித்தப்பா குடும்பத்தைப் போடுங்க, நாலு பேரு, போக வர, தேர்ட் ஏசி.

(ஸ்கிரீன்ல: 400 × 4 × 2 = 3,200)

மூவாயிரத்து இருநூறு ரூபா, அதே வண்டி, அதே பெர்த், அதே போர்வை. அதுவும் கன்ஃபர்ம் ஆன தட்கலை கேன்சல் பண்ணா பொதுவா ஒரு பைசா திரும்ப வராது. பிரீமியம் தட்கல்னு ஒண்ணு இருக்கு, அது சீட் குறையக் குறைய ரேட் ஏறிட்டே போகும், அவசரத்துக்கு ஆபத்பாந்தவன் தான், ஆனா சீப் டிக்கெட் பத்தி பேசுற வீடியோல அதைப் பத்தி பேசவே வேணாம்.

சரி, அந்த அறுபது நாள் கணக்குக்கு வருவோம். பயணத்துக்கு எத்தனை நாள் முன்னாடி புக்கிங் ஓப்பன் ஆகும்ன்ற கணக்கு அது, முன்னாடி 120 நாள் இருந்துச்சு, 2024 நவம்பர் 1-லேர்ந்து 60 நாளா குறைச்சுட்டாங்க. இதுல பயண நாளைச் சேர்க்கக் கூடாது. ஜனவரி 13 ராத்திரி ஊருக்குக் கிளம்பணும்னா நவம்பர் 14 காலைல 8 மணிக்கு ஓப்பன் ஆகும். தீபாவளிப் பலகாரம் தீர்றதுக்குள்ள பொங்கல் டிக்கெட் எடுக்கணும், நம்ம ஊரு நிலைமை அப்படி.

இங்க பலபேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. அந்த அறுபது நாள் உங்க ஸ்டேஷன் கணக்கு இல்ல, வண்டி கிளம்புற ஸ்டேஷன் கணக்கு. கேரளா எக்ஸ்பிரஸ் திருவனந்தபுரத்துல மத்தியானம் வாக்குல கிளம்பி காட்பாடிக்கு வரும்போது நடுராத்திரி தாண்டிடும், தேதி மாறிடும். காட்பாடியில ஏறுறவரு தன்னோட தேதிக்கு அறுபது நாள் எண்ணிட்டு உக்காந்தா ஒரு நாள் முன்னாடியே புக்கிங் ஓப்பன் ஆகி பாதி பெர்த் போயிருக்கும். தட்கலுக்கும் இதே கணக்குதான், வண்டி கிளம்புற நாளுக்கு முந்தின நாள், ஏசிக்கு காலைல 10 மணி, ஏசி இல்லாததுக்கு 11 மணி.

தேதி விஷயத்துல நானே அடி வாங்கியிருக்கேன். ராத்திரி 12:20-க்கு வண்டி, சனிக்கிழமை ராத்திரி போறோம்னு மைண்ட்ல ஓடுது, சனிக்கிழமைக்கே டிக்கெட் போட்டுட்டேன். சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குப் பொட்டி, வாட்டர் பாட்டில், எலுமிச்சம் சாதம் எல்லாத்தோடயும் போய் நிக்கிறேன், சார்ட்ல என் பேரைத் தேடுறேன், இல்ல. எனக்குச் சீட் போட்ட வண்டி முந்தின ராத்திரியே போயிருச்சு. அன்னைக்கு ஜெனரல் கோச்சுல கக்கூஸ் பக்கத்துல நின்னுட்டே போனேன், எலுமிச்சம் சாதத்தையும் நின்னுட்டே தான் சாப்பிட்டேன். பன்னெண்டு மணிக்கு மேல வண்டின்னா தேதியை ரெண்டு தடவை பாருங்க.

எட்டு மணி ஆட்டத்துக்கு முன்னாடியே சில வேலையை முடிச்சு வைங்க. ஐஆர்சிடிசி அக்கவுண்ட்ல ஆதார் இணைச்சிருக்கணும், 2025 அக்டோபர்லேர்ந்து புக்கிங் ஓப்பன் ஆகுற முதல் கால் மணி நேரம் ஆதார் வெரிஃபை பண்ணவங்களுக்கு மட்டும்னு ஆக்கினாங்க, அப்புறம் அந்த நேரத்தை இன்னும் நீட்டிட்டாங்க. தட்கலுக்கு 2025 ஜூலைலேர்ந்தே ஆதார் கட்டாயம். பேரு, வயசு எல்லாம் மாஸ்டர் லிஸ்ட்ல போட்டு வச்சா 8 மணிக்கு டைப் அடிச்சிட்டு இருக்க வேணாம்.

இப்ப ஃப்ளைட் மாதிரியே நடந்துக்குற வண்டி ஒரு வகை இருக்கு, ராஜ்தானி, சதாப்தி, துரந்தோ. இதுல 2016 செப்டம்பர்லேர்ந்து ஃப்ளெக்ஸி ஃபேர். முதல் 10 சதவீத பெர்த் சாதாரண ரேட், அடுத்த 10 சதவீத பெர்த்துக்கு ரேட் பத்து சதவீதம் கூடும், அப்படியே படிப்படியா ஏறும். முதல்ல ஒன்றரை மடங்கு வரைக்கும் போச்சு, ஏகப்பட்ட திட்டு வாங்கினதுக்கு அப்புறம் 2018-ல மேல்வரம்பை 1.4 மடங்கா குறைச்சாங்க. ஆக "முன்னாடி எடுத்தா சீப்"ன்றது உண்மையிலேயே பொருந்துறது இந்த வண்டிங்களுக்கு மட்டும்தான். சென்னையிலேர்ந்து டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் போற ராஜ்தானியிலயோ துரந்தோவிலயோ போகணும்னு ஆசைன்னா ஓப்பன் ஆன அன்னைக்கே எடுங்க, இல்லாட்டி பேசாம தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்லயே போயிடலாம், எப்படியும் ஒண்ணரை நாள் படுத்துட்டே தானே போகப்போறோம்.

எந்த வண்டி, எந்த கிளாஸ்னு தேர்வு பண்றதுலயும் காசு இருக்கு. ஸ்லீப்பருக்கும் தேர்ட் ஏசிக்கும் சுமார் ரெண்டரை மடங்கு வித்தியாசம். நடுவுல தேர்ட் ஏசி எகானமி, 3இ-ன்னு வரும், தேர்ட் ஏசியை விடக் கொஞ்சம் கம்மி, பெர்த் மட்டும் நெருக்கமா இருக்கும். கரீப் ரத்னு ஒரு வண்டி இருக்கு பாருங்க, 2006-ல லாலு பிரசாத் ரயில்வே மந்திரியா இருந்தப்ப கொண்டு வந்தது, முழுக்க ஏசி, ஆனா சாதாரண தேர்ட் ஏசியை விட ரேட் கம்மி. சென்னையிலேர்ந்து நிஜாமுதீனுக்கு 12611, வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை தான். தேதி உங்க கையில இருந்தா முதல்ல இதைப் பாருங்க, என்னைக் கேட்டா டெல்லிக்கு ஏசியில போக இதை விட நல்ல டீல் கிடையாது.

(ஸ்கிரீன்ல: ரெண்டு வண்டி நம்பர், 12633, 16127)

இந்த நம்பரைப் பாருங்க. 12, 20, 22-ல ஆரம்பிச்சா சூப்பர்ஃபாஸ்ட், அதுக்குத் தனி சார்ஜ் உண்டு, ஸ்லீப்பருக்கு 30 ரூபா, தேர்ட் ஏசிக்கு 45. எழும்பூர்லேர்ந்து போற கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் 12633, அதுல இது சேரும், குருவாயூர் எக்ஸ்பிரஸ் 16127, அதுல சேராது. இதை வச்சுப் பெரிய சேமிப்புன்னு சிலபேர் வீடியோ போடுறாங்க, நாலு பேரு போக வர ஸ்லீப்பர்ல 240 ரூபா, அவ்வளவுதான், அதுக்காக நாலு மணி நேரம் கூட உக்காரணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

பெரிய காசு வேற இடத்துல இருக்கு. ரயில் கட்டணம் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ரேட் குறையுற மாதிரி தான் போட்டிருக்காங்க. முதல் ஐநூறு கிலோமீட்டருக்கு ஆகுற காசு கடைசி ஐநூறு கிலோமீட்டருக்கு ஆகாது. அதனால ஒரே பயணத்தை ரெண்டு டிக்கெட்டா உடைச்சா, ரெண்டு தடவையும் அந்தக் காஸ்ட்லியான முதல் கிலோமீட்டருக்குக் காசு குடுக்குறோம், ரிசர்வேஷன் சார்ஜும் ரெண்டு தடவை. நேர் வண்டியில சீட் இருந்தா உடைக்காதீங்க.

இதையே நமக்குச் சாதகமா திருப்புறது தான் சர்குலர் ஜர்னி டிக்கெட். இதைப் பத்தி கவுண்டர்ல கேட்டா சிலசமயம் அவங்களே ஒரு மாதிரி பார்ப்பாங்க, ஆனா ரூல்ல இருக்கு. கிளம்புற ஸ்டேஷன்லயே வந்து முடியுற மாதிரி ஒரு சுத்து, நடுவுல எட்டு இடம் வரைக்கும் இறங்கிக்கலாம். சென்னை, ஆக்ரா, டெல்லி, அம்ரித்சர், மும்பை, திரும்ப சென்னைன்னு வைங்க. தனித்தனியா எடுத்தா அஞ்சு டிக்கெட், அஞ்சும் முதல் கிலோமீட்டர்லேர்ந்து கணக்கு. சர்குலர்ல மொத்த தூரத்தைக் கூட்டி ரெண்டா பிரிச்சு, ரெண்டே ரெண்டு நீளப் பயணம் மாதிரி கட்டணம் போடுவாங்க, நீளம் கூடுறதால ரேட் நல்லா இறங்கும். கஷ்டம் என்னன்னா ஆன்லைன்ல கிடையாது, ரூட்டை எழுதிட்டுப் போய் ரயில்வே கமர்ஷியல் ஆபீஸ்ல குடுத்து கணக்குப் போட்டு வாங்கி, அப்புறம் கவுண்டர்ல ஒவ்வொரு வண்டிக்கும் தனியா ரிசர்வ் பண்ணனும். அரை நாள் அலைச்சல். ஒருத்தரு மட்டும்னா விடுங்க, குடும்பமா காசி, கயான்னு சுத்தப் போறீங்கன்னா அலையலாம்.

அடுத்து வெயிட்டிங் லிஸ்ட். ஆக்ராவுல இறங்கணும், ஆக்ரா வரைக்கும் போட்டா வெயிட்டிங் காட்டுது, அதே வண்டியில நியூ டெல்லி வரைக்கும் போட்டா சிலசமயம் சீட் காட்டும், ஏன்னா கோட்டா வேற. டெல்லி வரைக்கும் எடுத்துட்டு ஆக்ராவுல இறங்கிடலாம், கூட ஆகுற காசு கொஞ்சம் தான், கடைசி கிலோமீட்டர் சீப்புன்னு இப்பத்தான சொன்னேன். ஆனா நடுவுல ஏறணும்னா போர்டிங் பாயிண்டை மாத்தாம ஏறாதீங்க, கிளம்புற ஸ்டேஷன்ல ஆள் வரலன்னு பெர்த்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டா அப்புறம் டிடிஇ கிட்ட சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஆர்ஏசி, அதாவது ஒரு பெர்த்தை ரெண்டு பேரு பகிர்ந்து உக்காந்து போறது, வந்தா தைரியமா ஏறலாம், வெயிட்டிங்லயே நின்னுடுச்சுன்னா ஸ்லீப்பர், ஏசி பக்கம் போகாதீங்க, இப்ப கறாரா இறக்கி விடுறாங்க.

சில்லறையா போற காசும் இருக்கு. ஐஆர்சிடிசியில கன்வீனியன்ஸ் ஃபீ, யுபிஐல கட்டினா ஏசி இல்லாததுக்கு 10 ரூபா, ஏசிக்கு 20, கார்டுன்னா 15, 30, அது மேல ஜிஎஸ்டி. இது ஒரு டிக்கெட்டுக்கு, ஆளுக்கு இல்ல, அதனால ஆறு பேரா போனாலும் எல்லாரையும் ஒரே டிக்கெட்ல போடுங்க. கவுண்டர்ல இது கிடையவே கிடையாது. வேற ஆப்ல எடுக்குறவங்க கடைசி ஸ்கிரீனை நல்லா பாருங்க, ஃப்ரீ கேன்சலேஷன்னு ஒரு டிக் அதுவே விழுந்து கிடக்கும், என் தங்கச்சி அப்படித்தான் ஒரு தடவை நானூத்திச் சொச்சம் கூடக் கட்டினா. ஐஆர்சிடிசி இன்சூரன்ஸ் மட்டும் ஆளுக்கு 45 பைசா, அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

குழந்தைங்க அஞ்சு வயசுக்குக் கீழன்னா பெர்த் கேக்காத வரைக்கும் ஃப்ரீ, அஞ்சுலேர்ந்து பன்னெண்டுக்குள்ளன்னா பெர்த் வேணாம்னு சொன்னா பாதி டிக்கெட், வேணும்னா முழு டிக்கெட். மதுரை வரைக்கும்னா சமாளிக்கலாம், டெல்லி வரைக்கும் பத்து வயசுப் பையனை மடியில வச்சுட்டுப் போக முடியாது, அங்க மிச்சம் பிடிக்காதீங்க. சீனியர் சிட்டிசன் சலுகை 2020 மார்ச்ல நிறுத்துனது, இன்னும் திரும்ப வரல, லோயர் பெர்த் கோட்டா மட்டும் இருக்கு.

சித்தப்பாவுக்குக் கரீப் ரத் கிடைக்கல, அவரு கேட்ட தேதி சனிக்கிழமை இல்ல. அறுபதாவது நாள் காலைல ஏழரைக்கே ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுண்டர்ல போய் ஃபாரத்தை நிரப்பிட்டு நின்னுட்டாரு, மூணாவது ஆளா. நாலும் கன்ஃபர்ம். ரெண்டு லோயர், ஒரு மிடில், ஒரு சைடு அப்பர். அந்த சைடு அப்பர் யாருக்குன்னு வீட்டுல இன்னும் பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு.