காலையில் வண்டி எடுக்கவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி, தை மாதங்களில் எங்கள் உதகையின் விடியற்காலை எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியும். தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்க உப்புத் தூவினாற்போல உறைபனி. வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். அந்த நேரத்தில்தான் என் மெக்கானிக் பட்டறை போன் அடிக்கத் தொடங்கும். "அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகல. வரும்போது புது பேட்டரி ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க."

நான் உடனே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதில்லை. "போனை பானெட் பக்கத்துல வெச்சு, ஒரு தடவை சாவியைத் திருப்புங்க" என்பேன். அந்தச் சத்தத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். 'டக் டக் டக்' என்று மட்டும் வந்தால், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் போகவில்லை. முக்கி முனகி மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, ஒயர், ஆயில் இவற்றில் ஏதோ ஒன்று. ஆனால் செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், பேட்டரிமேல் பழி போடாதீர்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது.

குளிரில் பேட்டரிக்கு இரட்டை அடி. உள்ளே ரசாயன மாற்றம் மந்தமாகி அதன் தெம்பு குறைகிறது. அதே வேளையில் ஆயில் கெட்டிப்பட்டு, இன்ஜினைச் சுற்ற முன்பைவிட அதிகத் தெம்பு தேவைப்படுகிறது. ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பார்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் இளக்கமாக இருக்கும். வண்டிக் கையேடு அனுமதிக்கும் எண்களில் குறைந்ததை ஊற்றுங்கள்.

பேட்டரியைச் சந்தேகித்தால் அளந்து பாருங்கள். வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. உறைபனிக் காலையில் சற்றுக் குறைவாகக் காட்டலாம். வோல்ட் விழாமல் இருந்தும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், பேட்டரியில் ஒயர் மாட்டும் டெர்மினலையும், பேட்டரியை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் ஒயரையும் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கும். மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸலின் தடவுங்கள். இவ்வளவுதான் வேலை. இதற்காகப் புது பேட்டரி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

போன குளிர்காலத்தில் எமரால்டு பக்கத்திலிருந்து ஒரு தம்பி டீசல் ஜீப் கொண்டுவந்தார். பத்து மாதத்தில் வேறு இடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார்கள். காலையில் அரை மணி நேரம் அடித்தால்தான் பிடிக்கும். ஆனால் என் பட்டறைக்கு வந்து சேரும்போது இன்ஜின் சூடாகி, அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. குறை விடியற்காலையில் மட்டும்தான் கண்ணில் படும். "தம்பி, வண்டி இன்னைக்கு ராத்திரி இங்கேயே நிக்கட்டும்" என்றேன்.

ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் டீசல் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் செருகி வைத்தேன். காலை ஆறு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், ஹோஸுக்குள் மணி கோத்தாற்போலக் காற்றுக் குமிழிகள். டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்பை அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. முப்பது, நாற்பது தடவை அமுக்கியபின் கெட்டியானது. சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்தது. டீசல் ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையத்தில் தலைமுடி அளவு வெடிப்பு. அது பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் தரையில் ஒரு சொட்டு டீசல்கூடச் சிந்தவில்லை. இரவெல்லாம் அந்த வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிப் போயிருக்கிறது. இரண்டு பேட்டரிக்குச் செலவான பணத்துக்கு அந்த வளையம் எத்தனை வாங்கியிருக்கலாம்!

டீசல் வண்டியில் அடுத்து, ஸ்டார்ட் ஆவதற்கு இன்ஜினுக்குள் சூடேற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக். மலைக்கு மேலே, 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், காற்றின் அடர்த்தியும் குறைவு. அழுத்தும்போது டீசல் எரியும் அளவுக்குச் சூடு ஏறுவது சிரமம். டேஷ்போர்டில் இந்த ஹீட்டருக்கான, சுருள் படம் போட்ட காயில் லைட் அணையும்வரை காத்திருந்து செல்ஃப் அடியுங்கள். பிடித்ததும் வண்டி நடுங்கி, வெள்ளைப் புகை தள்ளி, ஒரு நிமிடத்தில் சரியானால் ஒன்றிரண்டு பிளக் செத்திருக்கும். சட்டென்று தீப்பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அடிக்கவே அடிக்காதீர்கள். உள்ளே வெடித்து இன்ஜினையே சேதப்படுத்தும்.

பெட்ரோல் வண்டிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து மூன்று விநாடி வைத்து அணையுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தபின் உடனே பிடித்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பெட்ரோல் பம்பின் வால்வையோ, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். இல்லையென்றால், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். விறைத்துக் கிடக்கும் இன்ஜினை, சூடு அளக்கும் சென்சார் 60 டிகிரி என்று காட்டினால், கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலைக் குறைத்துத்தான் விடும்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரவில் இறக்கத்தில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்வது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவி கிடைக்காது. ஓரிரு முறை மிதித்ததும் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போய்த் திருப்பச் சிரமமாகிவிடும். நம் தெருக்களின் இறக்கத்தில், பனிமூட்டத்தில், அதே நேரத்தில்தான் குழந்தைகள் பள்ளிக்கூட வேனுக்கு நடந்து வருகிறார்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.