இருபது பெயர்களில் எட்டு பொய்

நண்பர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஜப்பானியத் தரப்பில் தயாரான ஒரு பெயர்ப் பட்டியலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்த ஊரில் கைதிகளாக இருந்து இறந்துபோன அமெரிக்க விமானப் படையினரின் பட்டியல் அது. மொத்தம் 20 பேர். பல ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அந்த 20 பேரில் 8 பேர் ஹிரோஷிமாவுக்கு வரவே இல்லை. அணுகுண்டுக்கு இரண்டு மாதம் முன்பே அவர்கள் வேறொரு ஊரில் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தக் கொலையை மறைக்க, அவர்களையும் அணுகுண்டின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இப்படி ஒரு பொய் ஏன் தேவைப்பட்டது? அதைச் சொல்ல 1942க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 18. ஹார்னெட் என்ற அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கர்னல் டூலிட்டில் தலைமையில் 16 பி-25 விமானங்கள் கிளம்பி டோக்கியோவையும் வேறு சில நகரங்களையும் குண்டுவீசித் தாக்கின. போனவர்கள் 80 பேர். அவர்களில் 8 பேர் சீனாவில் ஜப்பானியர் கையில் சிக்கினார்கள். அவர்களை எந்தச் சட்டத்தின் கீழ் தண்டிப்பது? அப்படி ஒரு சட்டம் இல்லை. சரி, புதிதாக ஒன்றை எழுதிவிட்டார்கள். பொதுமக்களைத் தாக்கும் எதிரி விமானிகளுக்கு மரண தண்டனை என்ற அந்தச் சட்டம் ஆகஸ்ட் 13ஆம் தேதி வந்தது. நடந்து முடிந்த தாக்குதலுக்கும் அது பொருந்தும் என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று ஷாங்காயில் விசாரணை நடந்தது. கைதிகளுக்கு வக்கீல் கிடையாது. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த விமானி ஹால்மார்க்கை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்து போட்டார்கள். அக்டோபர் 15 அன்று ஹால்மார்க், ஃபாரோ, ஸ்பாட்ஸ் மூவரையும் சுட்டுக் கொன்றார்கள். இன்னொருவர் சிறையிலேயே நோயில் இறந்தார். மீதி நால்வர்தான் வீடு திரும்பினார்கள்.

பின்னால் நடந்ததற்கெல்லாம் வாசல் இங்கேதான் திறந்தது. பிடிபட்ட விமானப் படையினர் போர்க்கைதி இல்லை, குற்றவாளி என்று ஆக்கிவிட்டால் அப்புறம் அவர்களின் பெயரைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுச் சாப்பாடு போட வேண்டியதில்லை. காயத்துக்கு மருந்து கட்ட வேண்டியதில்லை. பி-29 என்ற பெரிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் வந்து பிடிபட்டவர்களை அப்படித்தான் வைத்திருந்தார்கள்: அரைவயிற்றுக் கஞ்சி, மருத்துவம் இல்லை, வீட்டுக்குத் தகவலும் இல்லை. போருக்குப் பிறகு ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயம் கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. ஜெர்மனியிடமும் இத்தாலியிடமும் சிக்கிய அமெரிக்க, பிரிட்டிஷ் கைதிகளில் நூற்றுக்கு 4 பேர் இறந்தார்கள். ஜப்பானிடம் சிக்கியவர்களில் நூற்றுக்கு 27 பேர்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1945 மார்ச் 10 அன்று ஒரே இரவில் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நெருப்பில் செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அதற்குப் பிறகு வயலில் பாராசூட்டில் இறங்கும் ஒருவனைப் பார்த்து ஊர் மக்கள் மூங்கில் ஈட்டியை எடுத்தார்கள் என்றால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் சொல்ல வந்த மரணங்கள் பெரும்பாலும் அந்தக் கோபத்தில் நடந்தவை அல்ல. அதிகாரிகள் நிதானமாக உத்தரவு போட்டு நடத்தியவை. 1945 வசந்தத்தில் தலைமையிடமிருந்து வந்த வழிகாட்டுதல் என்ன தெரியுமா? தகவல் கறக்கத் தக்கவர்களை மட்டும் டோக்கியோவுக்கு அனுப்புங்கள், மற்றவர்களை அங்கங்கே தகுந்தபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த உத்தரவு என்ன செய்தது என்பதை ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷூவில் பார்க்கலாம். 1945 மே 5. மார்வின் வாட்கின்ஸ் ஓட்டி வந்த பி-29 விமானத்தின் மீது ஒரு ஜப்பானியப் போர் விமானம் வந்து மோதியது. மோதிய ஜப்பானிய விமானியும் இறந்தார். பி-29 மலைப்பகுதியில் தகேதா பக்கம் விழுந்தது. பாராசூட்டில் குதித்தவர்களில் சிலர் தரையிலேயே செத்தார்கள், மற்றவர்கள் பிடிபட்டார்கள். கேப்டன் என்பதால் வாட்கின்ஸைத் தகவலுக்காக டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். அதனால் அவர் பிழைத்தார். மற்றவர்கள் கியூஷூவின் ஃபுகுவோகா நகரத்தில் நின்றுவிட்டார்கள்.

மே 17 முதல் ஜூன் 2 வரை, கியூஷூ பல்கலைக்கழக மருத்துவத் துறையில், உயிரோடு இருந்த 8 கைதிகளை மேசையில் படுக்க வைத்து அறுத்தார்கள். ரத்தத்துக்குப் பதில் கடல்நீரை ஏற்றினால் மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான், ஒரு பக்க நுரையீரலை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். எட்டு பேரும் இறந்தார்கள். மருத்துவ மாணவராக அந்த அறையில் நின்ற தோனோ தோஷியோ பிற்காலத்தில் சாட்சி சொன்னார். காயத்தோடு வந்தவர் தனக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நம்பினாராம். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

தலைமை தாங்கிய பேராசிரியர் இஷியாமா 1946இல் சிறையில் தூக்கு மாட்டித் தற்கொலை செய்துகொண்டார். 1948இல் யோகோஹாமா நீதிமன்றம் 23 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஐந்து பேருக்குத் தூக்கு. ஒன்றுகூட நிறைவேறவில்லை. 1958க்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

டோக்கியோவில் நடந்ததையும் விட்டுவிட முடியாது. மே 25 இரவு அமெரிக்கக் குண்டுகளால் நகரம் பற்றி எரிந்தபோது, ஷிபுயா ராணுவச் சிறையில் இருந்த ஜப்பானியக் கைதிகளைத் திறந்து வெளியே விட்டார்கள். அமெரிக்க விமானப் படையினரைத் திறக்கவில்லை. அங்கே இறந்தவர்கள் 62 பேர்.

இப்போது ஹிரோஷிமா. 1945 ஜூலை 28 அன்று, குரே துறைமுகத்தில் நின்ற ஹருனா போர்க்கப்பலைத் தாக்க வந்த பி-24 விமானங்களில் இரண்டு, லோன்சம் லேடியும் தலோவாவும், சுடப்பட்டு விழுந்தன. பிடிபட்டவர்களை ஹிரோஷிமாவுக்குக் கொண்டுவந்து ராணுவப் போலீஸ் தலைமையகம் போன்ற இடங்களில் அடைத்தார்கள். அணுகுண்டு வெடித்த இடத்துக்கு அந்தத் தலைமையகம் சுமார் 400 மீட்டர். லோன்சம் லேடியின் கேப்டன் தாமஸ் கார்ட்ரைட்டையும் டோக்கியோவுக்கு அனுப்பியிருந்ததால் அவரும் தப்பினார். மற்றவர்கள் தங்கள் நாட்டுக் குண்டிலேயே மாண்டார்கள். நீல், பிரிசெட் என்ற இருவர் மட்டும் தீயிலிருந்து தப்பி, கதிர்வீச்சில் துடித்து ஆகஸ்ட் 19 அன்று இறந்தார்கள். அப்போது ஜப்பான் சரணடைவதாக அறிவித்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அமெரிக்க அரசு இதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் வாயே திறக்கவில்லை. சொந்தப் பிள்ளைகளைச் சொந்தக் குண்டே கொன்றது என்று எந்த அரசு எளிதில் சொல்லும்? அந்தப் பக்கம் பொய், இந்தப் பக்கம் மௌனம். நடுவில் தவித்தது அந்தக் குடும்பங்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மோரி ஷிகெயாக்கி. அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு 8 வயது. பாலத்தில் நடந்துகொண்டிருந்தவரைக் காற்று ஆற்றில் தூக்கி எறிந்தது. வளர்ந்து வேலைக்குப் போனார். விடுமுறை நாட்களில் விமானங்கள் விழுந்த கிராமங்களுக்குப் போய் வயதானவர்களிடம் விசாரித்தார். ஆவணங்களை ஒப்பிட்டார். 20 பேரில் 8 பேர் கியூஷூவில் இறந்தவர்கள் என்று பிரித்தெடுத்து, ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் 12 பேர் என்று நிறுவினார். அப்புறம் அமெரிக்காவில் இறந்தவரின் குடும்பப் பெயர் கொண்டவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் ஒவ்வொருவராகப் பேசி உறவினர்களைத் தேடினார். ஆங்கிலம் அவருக்குச் சரியாக வராது. இத்தனையும் தன் கைக்காசில் செய்தார்.

எத்தனையோ ஆராய்ச்சியாளர்களை மதிக்கிறேன். மோரியை வணங்கத் தோன்றுகிறது. தன் ஊரைச் சாம்பலாக்கிய நாட்டின் சிப்பாய்களுக்காக அவர் அலைந்தார். அவர்களை எதிரி என்றோ அமெரிக்கர் என்றோ பிரிக்காமல், தன்னைப் போல அணுகுண்டில் அகப்பட்டவர்கள் என்றே பார்த்தார். 2016 மே 27 அன்று ஹிரோஷிமா வந்த அதிபர் ஒபாமா அவரைக் கட்டியணைத்த படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெரியவர் யார், ஏன் அழுதார் என்று அன்று பலருக்குத் தெரியவில்லை.

தகேதாவிலும் உள்ளூர்க்காரர்கள் 1977இல் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். விழுந்த பி-29இன் அமெரிக்கர்களுக்கும் அதன் மீது மோதி இறந்த ஜப்பானிய விமானிக்கும் அது ஒரே கல். ஹிரோஷிமாவில் பழைய ராணுவப் போலீஸ் தலைமையகம் இருந்த இடத்தில் 1998இல் மோரி வைத்த நினைவுப் பலகை இருக்கிறது. அமைதிப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். நடந்தே போய்விடலாம்.