113355: இந்த ஆறு இலக்கத்துக்குள் பை (π) இருக்கிறது!

(திரையில்: 113355)

ஒரு தாளில் 1, 3, 5 மூன்றையும் இரண்டிரண்டு தடவை எழுதுங்கள். 113355. நடுவில் வெட்டி, பின்பாதியை முன்பாதியால் வகுங்கள். 355/113. கால்குலேட்டரில் 3.1415929 என்று வரும். பையின் மதிப்பு 3.1415926! நாம் பள்ளியில் படித்த 22/7 இரண்டு தசமத்தோடு நின்றுவிடும். இது ஆறு தசமம் வரை சரி.

113 கிலோமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டச் சாலை போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 355 கிலோமீட்டர் என்று கணக்குக் கொடுத்தால் எவ்வளவு பிசகும்? 3 சென்டிமீட்டர். அவ்வளவுதான்! 5-ஆம் நூற்றாண்டிலேயே சீனாவில் சூ சொங்சி என்ற கணித அறிஞர் இதைப் பிடித்துவிட்டார். இதைவிட நெருக்கமான பின்னம் வேண்டுமென்றால் 52163/16604 வரை போக வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான்.

சரி, மற்ற எண்களுக்கும் இப்படி நெருக்கமான பின்னங்கள் கிடைக்குமா? ஒவ்வொரு பின்னத்தைச் சுற்றியும் ஒரு குட்டி வேலி போடுவோம். வேலிக்குள் வரும் எண் அந்தப் பின்னத்துக்கு நெருக்கம். பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, இருக்கும் எண்ணைப் பார்த்து வேலியின் அகலத்தை முடிவு செய்வோம். 0-க்கும் 1-க்கும் நடுவில் உள்ள எல்லா அகலத்தையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை முடிவில்லாமல் வளர்ந்தால், ஏறக்குறைய எல்லா எண்ணும் எண்ணற்ற வேலிகளுக்குள் வந்துவிடும். ஓர் அளவோடு நின்றால், அப்படி ஏறக்குறைய எதுவுமே வராது. பாதி வரும், கால்வாசி வரும் என்ற பேச்சே இல்லை!

வேலிகள் ஒழுங்காகச் சிறுத்துக்கொண்டே போனால் இது உண்மை என்று 1924-இல் கின்சின் என்ற கணித அறிஞர் நிரூபித்தார். அகலத்தை இஷ்டத்துக்கு வைத்தால்? வில்லங்கம் அங்கேதான். 1/2, 2/4, 3/6 எல்லாம் ஒரே புள்ளி. ஒரே இடத்தில் வேலிமேல் வேலி போட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் ஏற்றிவிடலாம். அதனால் 1941-இல் டஃபின், ஷேஃபர் என்ற இரண்டு கணித அறிஞர்கள், சுருக்கிய பின்னங்களை மட்டும் எடுத்தால் விதி நிற்கும் என்றார்கள். நிரூபணம் வர 78 வருடம் ஆனது. 2019-இல் கூகுலோபௌலோஸும் ஜேம்ஸ் மேனார்டும் முடித்துக் காட்டினார்கள். 2022-இல் மேனார்டுக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கமும் கிடைத்தது.

(திரையில்: ஒரு ஏ4 தாள்)

அப்புறம், உங்களுக்கு ஒரு வேலை. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், அகலம் 210. வகுத்தால் 99/70. 2-இன் வர்க்கமூலத்துக்கு அத்தனை பக்கம்! ஆனால் பகுதி 100-க்குள், இதை மயிரிழையில் முந்தும் இன்னொரு பின்னம் இருக்கிறது. கண்டுபிடித்து கமெண்டில் போடுங்கள்.