கடிதம் யாருக்கு, சிஸ்டர்?

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி தேர்வு எழுதப்போகும் நர்ஸ்களுக்காக இன்றைக்கு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். அதிலும் எழுத்துத் தாளைப் பற்றி மட்டும். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றும் எப்படியோ தேறிவிடுகிறது சார், எழுத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன் என்பது என் வகுப்பில் அடிக்கடி கேட்கும் புலம்பல்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓஇடி, மருத்துவத் துறையினருக்கென்றே 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவான ஆங்கிலத் தேர்வு. டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட் என்று 12 தொழில்களுக்கு எழுத்துத் தாளும் பேச்சுத் தாளும் தனித்தனி. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் 2017இல் இதை ஏற்றுக்கொண்டது. நான்கு தாளிலும் 350 மதிப்பெண் வேண்டும் என்று இருந்ததை, எழுத்துக்கு மட்டும் 300 போதும் என்று 2021இல் தளர்த்தினார்கள். எழுத்தில் தடுக்கி விழுவது நம் ஊர் நர்ஸ்கள் மட்டுமல்ல என்று அதிலிருந்தே நான் புரிந்துகொண்டேன்.

தாளில் கட்டுரை கிடையாது. ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸ், அதாவது அவரைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் கொடுப்பார்கள். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. அடுத்த 40 நிமிடத்தில் அந்த நோயாளியை இனிமேல் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குச் சுமார் 180 முதல் 200 வார்த்தையில் ஒரு கடிதம். அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு பெண் ஒரு பெரிய நோட்டோடு வந்தார். அதில் 43 கடிதங்கள். தினம் ஒன்று, டியூட்டி முடித்துவிட்டு வந்து எழுதியது. அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ஆனால் முதல் கடிதத்தில் இருந்த அதே கோளாறு 43ஆவதிலும் இருந்தது. இலக்கணத் தப்பு என்றால் சிவப்பு மையால் சுழித்துக் காட்டியிருப்பேன். இது அப்படிப்பட்டதில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்று ஒரு கடிதத்திலும் அவர் யோசிக்கவில்லை.

ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 68 வயது அம்மா, விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, நாளைக்கு டிஸ்சார்ஜ். வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸுக்குக் கடிதம். நோட்ஸில் என்னென்ன இருக்கிறது? பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. 1979இல் குடல்வால் ஆபரேஷன். அப்பா மாரடைப்பில் இறந்தவர். தோட்ட வேலை பிடிக்கும். மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே இரண்டு தடவை மறந்துவிட்டார். அடுத்த வாரம் தையல் பிரிக்க வேண்டும்.

அந்தப் பெண் அத்தனையையும் எழுதியிருந்தார். நோட்ஸில் வந்த அதே வரிசையில், 290 வார்த்தையில். குடல்வாலுக்கு ஒரு முழு வாக்கியம். தையல் பிரிக்க வேண்டும் என்பது கடைசிப் பத்தியில், கடைசிக்கு முந்தைய வரியில், "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்பதற்குச் சற்று மேலே.

நான் அவரிடம் கேட்டேன்: "நைட் டியூட்டி முடிந்து காலையில் அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைத்து ஹேண்டோவர் கொடுக்கிறீர்களே, அங்கே இந்த அம்மாவைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" யோசிக்காமல் சொன்னார்: "மூணாவது பெட் பாட்டி சார். நாளைக்கு வீட்டுக்குப் போறாங்க. மாத்திரையை மறந்துடறாங்க, பக்கத்துல நின்னு குடுங்க. பென்சிலின் அலர்ஜி. தனியா பாத்ரூமுக்கு விட்டுடாதீங்க." குடல்வால் எங்கே என்றேன். சிரித்துவிட்டார்.

இந்தத் திறமை நர்ஸ்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. எதிரில் நிற்பவருக்கு அடுத்த எட்டு மணி நேரத்தில் எது தேவையோ அதை மட்டும் சொல்லும் வேலையைத் தினமும் மூன்று ஷிஃப்டிலும் செய்கிறார்கள். பேனாவைக் கையில் எடுத்ததும் பரீட்சை ஞாபகம் வந்து, தெரிந்ததையெல்லாம் கொட்டத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் பக்கம் பக்கமாக எழுதினால் மார்க் போட்டுப் பழக்கிவிட்டோம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இன்னொரு பழக்கமும் குறுக்கே வரும். நாம் கடிதம் எழுதினால் நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து, ஊர்க்கதை சொல்லி, கேட்க வந்ததைக் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்போம். அது நம் மரியாதை. இந்தத் தேர்வில் எதற்காக எழுதுகிறேன் என்பது தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். திருத்துகிறவர்கள் ஆறு விஷயம் பார்க்கிறார்கள். முதலாவதே இந்த நோக்கம்தான். அப்புறம் உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், கடிதத்துக்கேற்ற நடை, வரிசை, மொழி. மொழி ஆறில் ஒன்று. நம் பயிற்சி மொத்தமும் அந்த ஒன்றிலேயே போய்விடுகிறது.

மொழியை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. நம்மவர்களின் பிழைகளை ஒரு கைவிரல்களுக்குள் அடக்கிவிடலாம். "ஷி இஸ் ஹேவிங் டயபெட்டிஸ்" என்று எழுதுவோம். "ஷி ஹேஸ்" போதும். "த", "எ" இரண்டும் தமிழில் இல்லாத சரக்கு என்பதால் கண்ணில் படாமலே நழுவிவிடும். "பேஷண்ட் வாஸ் அட்மிட்டட்" என்று மொட்டையாக நிற்கும். நோட்ஸில் இருக்கும் சுருக்கெழுத்தை அப்படியே கடிதத்தில் ஒட்டுவோம். எழுதி முடித்ததும் இந்த மூன்றை மட்டும் தேடி ஒரு தடவை படித்தால் பாதிக்கு மேல் பிடித்துவிடலாம். "டூ த நீட்ஃபுல்"லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். என்ன நீட்ஃபுல் என்று அந்த நர்ஸ் யாரிடம் போய்க் கேட்பார்?

சரி, எப்படிப் பழகுவது? புதுக் கடிதம் தினமும் ஒன்று வேண்டாம். ஒரே கடிதத்தை மூன்று முறை எழுதுங்கள். முதல் முறை கடிகாரம் வேண்டாம். நோட்ஸின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது தெரியாவிட்டால் அந்த நர்ஸுக்கு ஏதாவது கெடுமா என்று கேட்டுக் குறி போட்டுவிட்டு, அப்புறம் எழுதுங்கள். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. தோட்ட வேலை பிடிக்கும் என்ற வரியில் கொஞ்சம் தடுமாறுவீர்கள், தடுமாறுவது நல்லதே. பிசியோதெரபிஸ்டுக்கு எழுதினால் அது பயன்படலாம். தையல் பிரிக்க வருகிறவருக்கு வேண்டாம். இரண்டாவது முறை, இரண்டு நாள் கழித்து, புதிதாக ஒன்றும் சேர்க்காமல், இடம் மாற்றுவதும் வெட்டுவதும் மட்டும். மூன்றாவது முறை பழைய தாளை மூடிவைத்துவிட்டு 40 நிமிடத்தில்.

இப்போது செல்போனில் போட்டால் ஒரு நொடியில் திருத்திக் கொடுத்துவிடுகிறது. பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானித்தது நீங்கள் இல்லையே. தேர்வு அறைக்குள் அதைக் கொண்டுபோகவும் முடியாது.

எழுதியது சரியா என்று பார்க்க என்னிடம் வர வேண்டும் என்றில்லை. கூட வேலை பார்க்கும் ஒரு நர்ஸுக்குப் போனில் படித்துக் காட்டுங்கள். நோட்ஸைக் காட்டாதீர்கள். படித்து முடித்ததும் ஒரே கேள்வி: நாளைக்கு அந்த வீட்டுக்குப் போனால் முதலில் என்ன செய்வாய்?

43 கடிதம் எழுதிய அந்தப் பெண் அப்படித்தான் செய்தார். முதல் தடவை தோழி சொன்னது: "யாருக்குடி இந்தக் கடிதம்? பாட்டிக்கு என்னதான் ஆச்சு?" அதே கடிதம் மூன்றாவது தடவை 190 வார்த்தைக்கு வந்திருந்தது. தோழி முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தையல் பிரிக்கிற செட் எடுத்துக்கிட்டுப் போவேன். போன உடனே மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்ப்பேன். ஆமா, அந்த மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கா?"

கைப்பிடி பற்றி நோட்ஸில் ஒன்றுமே இல்லையாம்.

வணக்கம்.