பரிமாறிய அளவில் ருசி சொல்வோம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், விடுமுறை நாள் மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் அனிமே தொடரை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரை, எபிசோடு எபிசோடாக விமர்சிப்பதா, முழுவதும் முடிந்த பிறகு விமர்சிப்பதா? இதுதான் இன்றைய வழக்கு. வாராவாரம் விமர்சிப்பதே சரி என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "தளம் போடாத வீட்டுக்குள் நின்று மழை ஒழுகுமா என்று யாராவது பார்ப்பார்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கைதட்டலும் கிடைத்தது.

பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். கச்சேரிக்குப் போகிறோம். தனி ஆவர்த்தனம் முடிகிறது. நம் கைகள் தாமாகத் தட்டுகின்றன. "மங்களம் பாடட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தட்டிக்கொள்ளலாம்" என்று யாராவது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமா? அந்த மிருதங்கக்காரர் தன் வேலையை அந்த நிமிடத்தில் செய்து முடித்துவிட்டார். அதற்கான சொல்லும் அந்த நிமிடத்தில்தான் அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

பாதி கட்டிய வீட்டில் யாரையும் குடிவைப்பதில்லை. ஆனால் அனிமேயில் ஒவ்வொரு வாரமும் நம்மைக் குடிவைக்கிறார்கள். தொடக்கப் பாடல், கதை, முடிவுப் பாடல், அதன்மேல் ஓடும் பெயர்கள் என்று முழுச் சமையலாக இலையில் வைக்கிறார்கள். அரை மணி நேரம், வாரத்துக்கு ஒன்று என்கிற இந்த வழக்கத்தை நிலைநிறுத்தியது 1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி டிவியில் தொடங்கிய ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்'. வாரக் கெடுவுக்கு ஈடுகொடுக்க அவருடைய ஸ்டுடியோவான முஷி ப்ரொடக்‌ஷன் வரைய வேண்டிய படங்களின் எண்ணிக்கையையே குறைத்தது. பேசும்போது வாய் மட்டும் அசையும், உடம்பு அப்படியே நிற்கும். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சியை எடுத்து வைத்துப் பல வாரங்களுக்குப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கும் அனிமே என்றதும் நம் கண்ணில் வரும் அந்தத் தோற்றத்தில் பாதி, கெடு நெருங்கிய ராத்திரிகள் செதுக்கியது. இந்தக் கலை பிறந்ததே வாரக்கணக்கில் என்றால், அதைப் பற்றிப் பேசுவது மட்டும் ஏன் வருடக்கணக்கில் இருக்க வேண்டும்?

அடுத்து ஆட்கள். ஒரு தொடருக்கு இயக்குநர் ஒருவர் இருப்பார். ஆனால் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஸ்டோரிபோர்டு எனும் காட்சி முன்வரைவை வரைந்தவர் வேறு, அந்த எபிசோடை இயக்கியவர் வேறு, வரைகலையை மேற்பார்த்த அனிமேஷன் டைரக்டர் வேறு. முடிவுப் பாடலின்போது ஓடும் அந்தப் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் படித்துப் பாருங்கள். போன வாரப் பட்டியலும் இந்த வாரப் பட்டியலும் ஒன்றாக இராது. தொடர் முடிந்தபின் எழுதப்படும் விமர்சனத்தில் இவர்கள் எல்லோரும் "படத்தரம் சிறப்பு" என்ற இரண்டு சொல்லுக்குள் கரைந்து போகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு வரைந்த ஒருவருக்கு அவருடைய இருபத்து சொச்சம் நிமிடத்தைப் பற்றித் தனியாக ஒரு பத்திகூட இல்லை என்றால் எப்படி?

இங்கே எதிரணியின் மிகக் கூர்மையான வாதத்துக்கு நான் முகம் கொடுத்தாக வேண்டும். "வாராவாரம் பேசுவது படைப்பாளியைக் காயப்படுத்தும், 'குர்ரென் லகான்' கதை தெரியாதா?" என்று அவர்களில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி கேட்டார். தெரியும். 2007 ஏப்ரலில் ஞாயிறு காலைகளில் ஓடத் தொடங்கிய தொடர் அது. தயாரித்தது கைனாக்ஸ், இயக்கியவர் ஹிரோயுகி இமாய்ஷி. 4ஆவது எபிசோடை மட்டும் ஒசாமு கோபயாஷி இயக்கினார். பாத்திரங்களின் முகமும் கோடும் அசைவும் முந்தைய மூன்று வாரங்களிலிருந்து விலகி நின்றன. இணையத்தில் ரசிகர்கள் சிலர் கொதித்துப் போய்த் திட்டித் தீர்த்தார்கள். கைனாக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான தகாமி அகாய் அந்த வசைகளைப் பற்றிக் கடுமையாகப் பேசப்போய், அது பெரிதாகி, நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்தே விலகினார்.

இதை மறைக்க நான் வரவில்லை. அன்று நடந்தது தவறு. ஆனால் அன்று எழுதப்பட்டது விமர்சனமா? விமர்சகர் என்றால் முதல் வேலையாக அந்த எபிசோடின் பெயர்ப் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால், இவர் 2004இல் 'பெக்' தொடரை இயக்கியவர், அதற்கு அடுத்த ஆண்டு 'பாரடைஸ் கிஸ்' இயக்கியவர், தனக்கென்று ஒரு கோடு வைத்திருப்பவர் என்று தெரிந்திருக்கும். "படம் கெட்டுப்போய்விட்டது" என்று கத்துவதற்கு முன்னால் "இது யார் கை?" என்று கேட்டிருப்பார். 27 எபிசோடும் முடிந்தபின் எழுதுகிறவர் என்ன செய்வார்? "4ஆவது எபிசோடில் மட்டும் படம் சற்று வேறாக இருந்தது" என்று ஒரு வரி. அல்லது அதுவும் இல்லை. கோபயாஷி 2021இல் காலமாகிவிட்டார். அவர் கையை வசவிலிருந்தும் மறதியிலிருந்தும் காப்பாற்றியிருக்கக்கூடியது, அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பொறுமையாக உட்கார்ந்து எழுதப்பட்ட ஒற்றை எபிசோடு விமர்சனம்தான்.

"ஒரே தொடரைப் பற்றி வாராவாரம் புதிதாக என்ன எழுதிவிட முடியும்?" என்றும் கேட்டார்கள். 2009 கோடையில் 'சுசுமியா ஹருஹி' தொடரில் கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோ ஒரே கதையை எட்டு எபிசோடாக எடுத்தது, அவை எட்டு வாரம் தொடர்ந்து ஒளிபரப்பாயின. பிள்ளைகள் கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்களில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாழ்கிறார்கள். எட்டு முறையும் புதிதாக வரைந்து, எட்டு முறையும் புதிதாகக் குரல் கொடுத்தார்கள். உடை மாறும், கேமரா நிற்கும் இடம் மாறும். அத்தனை சுற்றுகளையும் நினைவில் வைத்திருக்கும் ஒரே பெண் யுகி நகாதோ. அவள் கடந்த சுற்றுகள் 15,532. மொத்தமாகப் பார்ப்பவர் முதலாவதையும் எட்டாவதையும் பார்த்துவிட்டு நடுவில் உள்ளதைத் தாண்டிவிடுவார். வாராவாரம் உட்கார்ந்து எழுதியவருக்குத்தான் நகாதோவின் அலுப்பு உடம்பில் ஏறியது.

என் அனுபவம் ஒன்று. 2021 ஜனவரி முதல் 'வொண்டர் எக் ப்ரயாரிட்டி' ஓடியது. துயரம் தாங்காமல் இறந்துபோன சிறுமிகளைக் கனவுலகில் காப்பாற்றும் நான்கு பெண்களின் கதை. தொலைக்காட்சி நாடகங்களால் புகழ்பெற்ற ஷின்ஜி நொஜிமா எழுதிய முதல் அனிமே. வாரா வாரம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். முதல் ஆறு வாரப் பக்கங்களைப் பார்த்தால் எழுத்து ஓடுகிறது, இதைப்போல ஒன்று வந்ததில்லை என்று எழுதியிருக்கிறேன். 8ஆவது வாரம் புதுக்கதை வரவில்லை, பழைய காட்சிகளின் தொகுப்பு வந்தது. "வேலை முடியவில்லை போலிருக்கிறது, மனசு கலங்குகிறது" என்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது. பிறகு 12 எபிசோடு முடிந்தும் கதை முடியவில்லை. ஜூன் இறுதியில் தனியாக ஒரு சிறப்பு எபிசோடு வந்து முடித்து வைத்தது. அந்த முடிவு என்னை ஏமாற்றியது.

இன்று அதை மொத்தமாகப் பார்த்து விமர்சிக்கும் ஒருவர் "தொடக்கம் நன்று, முடிவு சொதப்பல்" என்பார். தவறில்லை. ஆனால் முடிவு தந்த கசப்பில் அந்த முதல் ஆறு வாரத்தின் வெளிச்சம் மங்கிவிடும். தொகுப்பு எபிசோடை அவர் தாண்டிப் போய்விடுவார், எந்த வாரத்தில் மூச்சு இரைக்க ஆரம்பித்தது என்பது தெரியாமலே போகும். என் நோட்டில் இரண்டும் இருக்கின்றன. அந்த ஆறு வாரமும் பொய்யில்லை, நடுவர் அவர்களே. அவற்றை வரைந்தவர்கள் பிந்திய சறுக்கலுக்காகத் தண்டனை பெற வேண்டியதில்லை.

'ஃப்ரீரென்' தொடரைக் காட்டி எங்களை மடக்கப் பார்த்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று அதன் முதல் நான்கு எபிசோடுகளையும் ஒரே இரவில் இரண்டு மணி நேரமாகக் காட்டினார்கள் அல்லவா, வாரம் ஒன்று போதாது என்று படைத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள் அல்லவா என்றார்கள். ஆமாம், நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள், நான்கையும் சேர்த்து விமர்சிப்போம். 2018 ஜனவரியில் 'டெவில்மேன் க்ரைபேபி' பத்து எபிசோடும் ஒரே நாளில் வந்தது, பத்தையும் சேர்த்தே பேசுவோம். எந்த அளவில் பரிமாறினார்களோ அந்த அளவில் ருசி சொல்வோம். ஐந்தாவது எபிசோடிலிருந்து ஃப்ரீரென் ஒவ்வொன்றாகத்தான் வந்தாள், 28 வரை.

கடைசியாக, நான் எல்லாவற்றையும் விட அதிகமாக நேசிக்கும் ஓர் உதாரணம். 2011 ஜனவரியில் 'மடோகா மாஜிகா' தொடங்கியது. ஷாஃப்ட் ஸ்டுடியோ, எழுத்து கென் உரோபுச்சி. பார்த்தால் சிறுமிகள் ரிப்பன் கட்டிக்கொண்டு மந்திரக்கோலோடு சுற்றும் கதை. 3ஆவது எபிசோடில் எல்லோருக்கும் அக்காபோல இருந்த மாமி கொல்லப்படுகிறாள். பாதி வாக்கியத்தில் கதவு அடித்துச் சாத்தியதுபோல. அடுத்த ஏழு நாள் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது பார்ப்பவருக்கு அந்த ஏழு நாள் கிடையாது. பொத்தானை அழுத்தினால் 4ஆவது எபிசோடு.

ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் 'கனெக்ட்' என்ற பாடல் வரும். ஒன்பது வாரம் அதை நாயகி மடோகாவின் பாட்டு என்றே கேட்டிருப்போம். 10ஆவது வாரம் தொடக்கத்தில் பாட்டு இல்லை. ஹொமுரா என்ற பெண் தன் தோழி மடோகாவைக் காப்பாற்ற அதே ஒரு மாதத்தை மீண்டும் மீண்டும் வாழ்ந்து தோற்றது அன்றைக்குத்தான் தெரியவருகிறது. எபிசோடின் இறுதியில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. ஒன்பது வாரம் பாடிக்கொண்டிருந்தது ஹொமுரா! மொத்தமாகப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் தொடக்கப் பாடலைத் தாண்டும் பொத்தானை அழுத்தாமல் பத்தாவது வரை வருகிறார்கள்?

ஒசாகாவின் எம்பிஎஸ் தொலைக்காட்சி அந்த 10ஆவது எபிசோடை மார்ச் 10 நள்ளிரவுக்குப் பின் ஒளிபரப்பியது. விடிந்தது மார்ச் 11. மதியம் 2:46க்குப் பூகம்பம், பிறகு ஆழிப்பேரலை. மீதி இரண்டு எபிசோடுகளும் தள்ளிவைக்கப்பட்டன. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 21 இரவு அவை சேர்ந்து வந்தன. 11ஆவது எபிசோடில் பெரும்புயல் வருகிறது. ஊர் மக்கள் வீட்டை விட்டுக் கிளம்பி, குழந்தைகளோடு முகாமில் போர்வை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மடோகாவும் தன் குடும்பத்தோடு அங்கே இருக்கிறாள். அந்த நேரத்தில் ஜப்பானின் வடகிழக்கில் நிஜமான பள்ளிக்கூடங்களில் நிஜமான மனிதர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காட்சி நிலநடுக்கத்துக்கு முன் எழுதப்பட்ட கதையில் இருந்தது. அது ஏப்ரலில் எப்படி இருந்தது என்பதை அந்த ஏப்ரலில் உட்கார்ந்து எழுதியவர் மட்டுமே சொல்ல முடியும். பத்து வாரம் எழுதி, பேனாவைக் கீழே வைத்து, ஆறு வாரம் காத்திருந்து, மறுபடி எடுத்தவர். தீர்ப்பு எழுதும்போது அந்த ஆறு வாரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி. வணக்கம்.