இல்லாத கியரைத் தேடும் கால்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஷாஃப்ட் டிரைவ் பைக் ஓட்டுகிறவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. நெடுஞ்சாலையில் டாப் கியரில் சீராகப் போய்க்கொண்டிருப்பார்கள். திடீரென்று இடது கால் கியர் லீவரை ஒருமுறை மேலே தூக்கிப் பார்க்கும். இன்னொன்று இருக்காதா என்று ஒரு நப்பாசை. இருக்காது. தெரிந்துதான் தூக்குகிறோம். எனக்கும் பல வருடமாக அந்தப் பழக்கம் இருக்கிறது.

இதற்குக் காரணம் சத்தம். 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் கத்துவதைக் கேட்டால் பாவமாக இருக்கிறது, அதைக் கொஞ்சம் அடக்கிவிட்டால் நாள் முழுக்க ஓட்டலாமே என்று தோன்றுகிறது. செயின் வண்டியாக இருந்தால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் போதும், ஒரு மணி நேர வேலை. ஷாஃப்ட் வண்டியில் அப்படி முடியாது. அதில் இன்ஜினின் சுழற்சி ஓர் இரும்புத் தண்டு வழியாகப் பின்சக்கரம் வரை போய், அங்கே ஒரு சின்னப் பல்சக்கரமும் ஒரு பெரிய பல்சக்கரமுமாகச் சேர்ந்து செங்கோணத்தில் திரும்புகிறது. எத்தனைக்கு எத்தனை பல் என்பதைத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்து, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்கள். 1923-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 32-இலும் இதே ஏற்பாடுதான். 1975-இல் வந்த ஹோண்டா கோல்ட் விங், 1978-இல் வந்த யமஹா எக்ஸ்.எஸ். 1100, அடுத்த ஆண்டு வந்த சுசுகி ஜி.எஸ். 850 எல்லாம் அதே வழியில் வந்தவை.

சரி, முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். டேக்கோமீட்டரில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது (ஆர்.பி.எம்.) என்று காட்டும் மீட்டரில், தெரியும் எண்ணை வைத்து மட்டும் இன்ஜின் கஷ்டப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. பிஸ்டன் ஒரு வினாடியில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1970-களின் பி.எம்.டபிள்யூ. பாக்ஸர் இன்ஜினில், அதாவது இரண்டு சிலிண்டரும் எதிரெதிராகப் படுத்திருக்கும் இன்ஜினில், பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே போகும் தூரம் 70.6 மில்லிமீட்டர். 4000 ஆர்.பி.எம்.-இல் அது வினாடிக்கு 9.4 மீட்டர் ஓடுகிறது. ஹோண்டா சி.எக்ஸ். 500-இல் அந்தத் தூரம் வெறும் 52 மில்லிமீட்டர். அது 5500 ஆர்.பி.எம்.-இல் சுற்றும்போதும் பிஸ்டன் வேகம் 9.5 மீட்டர்தான். ஒன்று முனகுகிறது, மற்றது அலறுகிறது. உள்ளே இரண்டு பிஸ்டனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. சி.எக்ஸ். வைத்திருக்கிறவர்கள் இதைக் கேட்டு நிம்மதியாக இருக்கலாம். அந்த இன்ஜின் 9000-க்கு மேலும் சுற்றும்படி செய்யப்பட்டது.

அப்புறம் காற்று. இதில் ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். 100-இல் போகிற வண்டியை 120-க்குக் கொண்டு போக, காற்றுக்கு மட்டுமே 73 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். கியரை மாற்றுவதால் இந்தச் சக்தி எங்கிருந்தும் வந்துவிடாது. இன்ஜினில் இருந்தால்தான் உண்டு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என்னிடம் ஒரு பழைய இரட்டை சிலிண்டர் ஷாஃப்ட் வண்டி இருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மாடலின் பின்பெட்டி, அதாவது ஃபைனல் டிரைவ், ஒரு நாள் கைக்குக் கிடைத்தது. இன்ஜின் சுற்று குறையும் என்று மாற்றினேன். முதல் நாள் பயணத்திலேயே எதிர்க்காற்று. டாப் கியரில் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி 90-ஐத் தாண்டவில்லை. நான்காவதுக்கு இறங்கினேன், நன்றாகப் போனது. திரும்பி வரும் வரை நான்காவதுதான். வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டால், புது நான்காவதும் பழைய ஐந்தாவதும் ஏறக்குறைய ஒன்று. அன்று முழுக்க என் பழைய வண்டியையே ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன்!

சில மாதம் கழித்து, வேறு எதற்கோ இக்னிஷன் மூடியைத் திறந்தேன். உள்ளே குட்டிக் குட்டியாக இரண்டு எடைகள் இருக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற அவை விரிந்து, ஸ்பார்க்கை முன்கூட்டியே வரவைக்கும். பாயின்ட், அதாவது ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டித்துவிடும் தொடுமுனை, உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் 3000 ஆர்.பி.எம். வாக்கில் அவை முழுதாக விரிந்துவிட வேண்டும். என் வண்டியில் துரு பிடித்துப் பாதியிலேயே நின்றிருந்தன. ஐட்லிங்கில் எந்தக் குறையும் தெரியாது, ஊருக்குள் ஓட்டும்போதும் தெரியாது. நெடுஞ்சாலையில் மட்டும் ஸ்பார்க் தாமதமாக வரும், சக்தி குறையும், சூடு ஏறும். எடைகளைக் கழற்றித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அதன் பிறகு அந்தப் பின்பெட்டியோடும் ஐந்தாவது கியர் இழுத்தது.

எனவே, முதலில் வண்டி புதிதாக வந்தபோது இருந்த சக்தி இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் வரும் கணத்தில் மின்னும் டைமிங் லைட் வைத்து, ஐட்லிங்கில் மட்டுமில்லாமல் 3500-இலும் குறி சரியான இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி, கம்ப்ரஷன் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். கார்புரேட்டரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சீரான வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டர் கால்வாசியிலிருந்து பாதி வரைதான் திறந்திருக்கும். அந்த இடத்தில் கலவையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பெட்ரோல் வரும் பெரிய துளையான மெயின் ஜெட் இல்லை, ஊசியும் அது இறங்கும் துளையான நீடில் ஜெட்டும்தான். வண்டி ஓட ஓட ஊசி உரசி, ஜெட்டின் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். பெட்ரோல் கூடுதலாகப் போகும், பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். மெயின் ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. ரப்பர் டயஃப்ரம் உள்ள கார்புரேட்டர் என்றால் அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஊசியைத் தூக்கும் ஸ்லைடு முழுதாக ஏறாது.

இன்னொன்று, கார்புரேட்டர்களைச் சமன் செய்யும்போது பலரும் ஐட்லிங்கோடு நிறுத்திவிடுகிறார்கள். 3000, 3500-இலும் இரண்டு பக்க உறிஞ்சலையும் காட்டும் கேஜ் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். கேபிள் ஒன்றில் தளர்வு கூடுதலாக இருந்தால், நெடுஞ்சாலை முழுக்க ஒரு சிலிண்டர் இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும். கை மரத்துப்போகும் அதிர்வு அதனால்தான் வருகிறது. நாமோ ஆர்.பி.எம். அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஷாஃப்ட் பக்கம் வருவோம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். செயின் வண்டி மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றாது. கெட்டியான எண்ணெயில் பல்சக்கரங்கள் உருள்கின்றன, கொஞ்சம் தடை இருக்கத்தான் செய்யும். அது பிரேக் உரசலா, எண்ணெய்த் தடையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு டிரம் அருகில் கையைக் கொண்டு போங்கள். அனல் அடித்தால் பிரேக்தான் குற்றவாளி. பின்பெட்டியிலோ கால் லிட்டருக்கு அக்கம்பக்கம்தான் எண்ணெய் பிடிக்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு 80டபிள்யூ-90 ஜி.எல்.-5 கியர் ஆயில். அளவைத் தாண்டி ஊற்றினால் சீல் வழியாகக் கசிந்து பிரேக் மேலேயே வந்து சேரும். வடிக்கும்போது அடைப்பானின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இரும்பு வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் சக்கரத்தின் ஸ்பிளைனை, அதாவது அதைப் பின்பெட்டியோடு பூட்டும் பற்களை, பாருங்கள். செம்புழுதி படிந்திருந்தால் கிரீஸ் காய்ந்து பற்கள் தேய்கின்றன என்று அர்த்தம். மாலிப்டினம் பேஸ்ட் தடவ வேண்டும், சாதாரண கிரீஸ் அங்கே நிற்காது. இதனால் வேகம் ஒன்றும் கூடாதுதான். ஆனால் அந்தப் பற்கள் முழுதாகத் தேய்ந்துவிட்டால் இன்ஜின் ஓடும், வண்டி நகராது.

பெரிய டயர் போட்டால் ஆர்.பி.எம். குறையுமே என்று கேட்பார்கள். குறையும். 130/90-16 இருந்த இடத்தில் 140/90-16 போட்டால் விட்டம் 2.8 சதவீதம் கூடுகிறது. 4500 என்பது 4380 ஆகும். இந்த 120 சுற்றுக்காக டயரை ஷாஃப்ட் குழாயோடு உரசவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

காற்றுத் தடுப்புக் கண்ணாடி அதைவிட மேல். ஆனால் உயரம் சரியாக அமைய வேண்டும்: மார்பில் மோதும் காற்று விலக வேண்டும், கண்கள் அந்தத் தடுப்புக்கு மேலாகப் பார்க்க வேண்டும். விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல் காற்று நேராக ஹெல்மெட்டில் அடித்தால், கண்ணாடி இல்லாமலே ஓட்டிவிடலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகும் கால் கியரைத் தேடுகிறதா? அப்போது பின்பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். பி.எம்.டபிள்யூ. பாக்ஸரில் இது எளிது. 32-க்கு 10 பல், அதாவது 3.20 விகிதப் பெட்டியும் உண்டு. 32-க்கு 11, அதாவது 2.91 பெட்டியும் உண்டு. 3.20-இல் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 4000 ஆர்.பி.எம். என்றால், 2.91-இல் 3640 வாக்கில். எக்ஸ்.எஸ். 1100-க்கு அதன் தம்பிகளான எக்ஸ்.எஸ். 750, 850-இன் பெட்டியைப் போடுகிறவர்கள் உண்டு. உள்ளிருக்கும் பல்சக்கரங்களை மட்டும் மாற்றாமல் பெட்டியை முழுதாகவே மாற்றுங்கள். அவை ஜோடி ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. முதல் கியரும் 10 சதவீதம் நீளமாகிவிடும் என்பதால் நெரிசலில் கிளட்ச் கூடுதலாக உழைக்கும். 600 சி.சி. இன்ஜினுக்கு இது வேண்டாம். 600 சி.சி. பாக்ஸரான ஆர் 60/5-க்குத் தொழிற்சாலையிலேயே 3.36 கொடுத்தார்கள் என்றால் காரணம் இல்லாமலா?

என் நண்பர் ஒருவர் தன் பாக்ஸரில் 2.91 மாற்றிவிட்டு, ஓட்டிப் பார்த்து, கோபமாக வந்தார். "ஒரு மாற்றமும் இல்லை. முன்னே 100-இல் 4000 காட்டியது, இப்பவும் 100-இல் 4000 தான் காட்டுது" என்றார். எனக்கும் ஒரு நிமிடம் குழப்பம்தான். பிறகுதான் உறைத்தது. அந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் சக்கரத்திலிருந்து வரவில்லை, கியர் பாக்ஸிலிருந்து வருகிறது. பின்பெட்டி மாறியது அதற்குத் தெரியவே தெரியாது. எந்தப் பெட்டிக்கு எந்த மீட்டர் என்பதற்காகத்தான் மீட்டர் முகத்தில் சின்னதாக ஒரு எண் போட்டிருக்கிறார்கள். அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். நண்பரிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, ஊசியை 100-இலேயே வைத்து, அடுத்தடுத்த இரு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே நேரம் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். 100 என்றால் 36 வினாடி ஆக வேண்டும். அவருக்கு 33 ஆனது.

வணக்கம்.